வாங்கும் முன் ஒரு முழுநாள் ஓடிப் பாருங்கள்: மின்சார ரோட் பைக்கில் பொக்ஸ் ஹில் பயணம்

தெற்கு லண்டனில் நம் ஆட்கள் கூடும் இடங்களில் இப்போது மின்சார ரோட் பைக் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்கள். கேட்பவர்கள் அநேகமாக ஐம்பதை எட்டியவர்கள். ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிள் உழக்கியவர்கள், இங்கே வந்தபின் முப்பது வருடம் கார் சீற்றிலேயே இருந்துவிட்டவர்கள். சனிக்கிழமை காலையில் கூட்டமாகப் போகும் சைக்கிள்காரர்களைக் கண்டால் ஆசை வருகிறது. ஏற்றத்தை நினைத்தால் முழங்கால் தயங்குகிறது. "மோட்டர் உள்ளது எடுத்தால் சரிவருமா அண்ணா?" என்று கேட்கிறார்கள்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். கடை வாசலில் பத்து நிமிடம் ஓடிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். தட்டையான தெருவிலும் மலையிலும் ஓடுங்கள். மோட்டரை நிறுத்தியும் ஓடுங்கள். பற்றரி குறைந்த நிலையில் களைத்த காலோடு வீடு திரும்புங்கள். அதற்குப் பிறகு காசைப் பற்றி யோசிக்கலாம். பத்து நிமிட ஓட்டத்தில் எந்த மோட்டரும் நல்ல மோட்டராகத்தான் தெரியும். அந்த வண்டியோடு உங்களுக்கு ஒத்துவருமா என்பது நாற்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகுதான் தெரியவரும்.

நான் இருப்பது நியூ மோல்டனில். அதனால் கிங்ஸ்டனில் தொடங்கி சரே மாவட்டத்தின் பொக்ஸ் ஹில் போய் வரும் வழியை வைத்தே சொல்கிறேன். மொத்தம் ஏறக்குறைய 75 கி.மீ. இந்தச் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான வழி லண்டனுக்குப் பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் மணிக்கு 25 கி.மீ. என்ற எல்லையை விளங்கிக்கொள்ளுங்கள்

ரோட் பைக் என்றால் வளைந்த ஹாண்டில், ஒடுங்கிய ரயர், முன்னே குனிந்து ஓடும் சைக்கிள். மின்சார ரோட் பைக்கும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். பின்சக்கரத்தின் நடுவிலோ பெடல் சுற்றும் இடத்திலோ சின்ன மோட்டர் ஒன்று இருக்கும். பற்றரி சட்டகத்தின் கீழ்க்குழாய்க்குள் ஒளிந்திருக்கும். சாதாரண ரோட் பைக் 8, 9 கிலோ என்றால் இது 12 முதல் 15 கிலோ வரை வரும். கையால் முறுக்கி ஓடும் வகை இல்லை. நீங்கள் உழக்கினால் அதுவும் உதவும், நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

இந்த நாட்டுச் சட்டப்படி மோட்டரின் தொடர் வலு 250 வாற்றைத் தாண்டக் கூடாது. வேகம் மணிக்கு 25 கி.மீ. (15.5 மைல்) ஆனதும் உதவி நின்றுவிட வேண்டும். இந்த எல்லைக்குள் இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் சைக்கிள்தான். 14 வயதும் அதற்கு மேலும் உள்ள யாரும் ஓடலாம், லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் கட்டாயம் இல்லை. எல்லையை உடைத்து வேகம் கூட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படிச் செய்த நிமிடத்திலிருந்து அது பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனம். பொலிஸ் பறித்துக்கொண்டு போகலாம். விபத்து நடந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பலர் கவனிக்காமல் விடுவது இதன் அடுத்த பக்கத்தை. ஓரளவு பழகிய ஒருவர் நல்ல ரோட் பைக்கில் தட்டையான தெருவில் மணிக்கு 25, 27 கி.மீ. வேகத்தில் தானாகவே போவார். அப்போது மோட்டர் வேலை செய்யாது. அதாவது தட்டைத் தெருவில் பாதி நேரம் நீங்கள் ஓடுவது மோட்டர் ஓய்வெடுக்கும் ஒரு பாரமான சைக்கிளை. அதனால் வண்டியிடம் மூன்று விசயம் பார்க்க வேண்டும். 25-க்கு மேலே அது எப்படி ஓடுகிறது? ஏற்றத்தில் எவ்வளவு தாங்குகிறது? மோட்டரே இல்லாமல் உங்களால் வீடு வந்து சேர முடியுமா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கடையில் கேட்க வேண்டியவை

சில கடைகள் நாள் வாடகைக்குத் தருகின்றன. வாங்கினால் அந்த வாடகையை விலையில் கழித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள். எவ்வளவு முற்பணம், வண்டி களவு போனாலோ விழுந்து உடைந்தாலோ யார் பொறுப்பு, இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில ஆயிரம் பவுண்ட் பெறுமதியான பொருள் இது. தேநீர் குடிக்கும் ஐந்து நிமிடம்கூடப் பூட்டாமல் விட வேண்டாம்.

அளவுதான் அடுத்த பெரிய விசயம். உங்கள் உயரத்தையும் உட்காலின் நீளத்தையும் சொல்லி சரியான சட்டகத்தைக் கேளுங்கள். "இப்போது இருப்பது ஒரு அளவு பெரியதுதான், சமாளிக்கலாம்" என்று சொன்னால் வேறு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அளவு பிழைத்த வண்டியில் ஒரு நாள் ஓடினால் நீங்கள் சோதிப்பது உங்கள் முதுகைத்தான், வண்டியை அல்ல. சீற்றின் உயரத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. சீற்றில் இருந்துகொண்டு பெடலின் அடிநிலையில் குதிக்காலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் உழக்கும்போது முழங்கால் தேவையான அளவுக்கு மடியும். வீட்டில் வசதியாக ஓடும் சைக்கிள் இருந்தால், பெடல் தண்டு சுற்றும் க்ராங் அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேல்வரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள், கடையில் அப்படியே வைத்துத் தருவார்கள். ஹெல்மெற்றும் சப்பாத்தும் உங்களுடையதாக இருக்கட்டும். சப்பாத்தோடு பூட்டிக்கொள்ளும் பெடல் பழக்கமில்லையென்றால் சாதாரணத் தட்டைப் பெடல் போட்டுத் தரச் சொல்லுங்கள். புது வண்டி, புது பெடல் இரண்டையும் ஒரே நாளில் பழக முயல வேண்டாம்.

பற்றரி முழுதாக ஏற்றியிருக்க வேண்டும் என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வையுங்கள். நான் முதன்முதல் எடுத்த வண்டியை முந்திய நாள் வேறொருவர் ஓடியிருக்கிறார், கடைக்காரர் திரும்ப ஏற்றவில்லை. மேல்குழாயில் இருந்த பொத்தானைச் சுற்றி வெளிச்ச வளையம் ஒன்று இருந்தது. பற்றரி எவ்வளவு மிச்சம் என்பதை அதன் நிறம்தான் சொல்ல வேண்டும், எந்த நிறம் எதைக் காட்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வழியில் வரும் லெதர்ஹெட் ஊரைத் தாண்டி நிறம் மாறிய பிறகுதான் விசயம் விளங்கியது. அன்றைய சோதனையில் பாதி அத்தோடு போயிற்று. அதனால் வண்டியைக் கையில் வாங்கும்போதே மிச்சம் எத்தனை வீதம் என்று கடைக்காரரைத் திரையிலோ செயலியிலோ காட்டச் சொல்லுங்கள். நிறங்களின் பொருளை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். ஒரே வளையம் பற்றரியையும், மோட்டர் எவ்வளவு உதவ வேண்டும் என்று நீங்கள் தெரிவு செய்த உதவி நிலையையும் காட்டும் வண்டிகளும் இருக்கின்றன, குழப்பம் வருவது அங்கேதான்.

இன்னொன்றையும் நான் பட்டுத்தான் அறிந்தேன். பின்சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மோட்டர் பின்சக்கரத்தில் இருந்தால் அது சாதாரணச் சக்கரம்போல் ஒரு நெம்பில் கழன்று வராது. அச்சின் இரு பக்கமும் நட்டு இருக்கும், மோட்டருக்கு ஒரு வயர் போகும். வயரின் இணைப்பைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகக் கூடாது. திரும்பப் பூட்டும்போது இணைப்பில் இருக்கும் அடையாளங்கள் இரண்டும் நேரே வர வேண்டும். சரேயின் இந்தக் குன்றுகள் சுண்ணக்கல் மலைகள். மழை பெய்தால் சக்கிமுக்கிக் கற்கள் உடைந்து கூரான சில்லுகளாகத் தெருவுக்கு வந்துவிடும். இந்தப் பயணத்தில் திரும்பும் வழியில் வரும் ரன்மோர் மேட்டில் ஒரு சில்லு என் பின் ரயரைக் கிழித்தது. ரியூப்பும் இருந்தது, பம்பும் இருந்தது. கடை தந்த பையில் அந்த நட்டுக்கான சாவி மட்டும் இல்லை. வழியால் போன இரண்டு குழுக்கள் நின்று உதவப் பார்த்தார்கள், அவர்களிடமும் இல்லை. கடைசியில் மச்சான் கார் கொண்டுவந்துதான் ஏற்றிப் போனான். சாவி பைக்குள் இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது

ரயிலில் ஏற்றிக்கொண்டு போய் அங்கிருந்து ஓடலாம் என்று நினைக்கிறீர்களா? கவனம். 2025 மார்ச் 31 முதல் லண்டன் நிலக்கீழ் ரயில், எலிசபெத் லைன், டிஎல்ஆர் இலகு ரயில் ஆகியவற்றில் மடிக்க முடியாத மின்சார சைக்கிள்களை ஏற்றவே முடியாது, ஓவர்கிரவுண்ட் ரயிலிலும் பெரும்பாலும் அதே நிலைதான். ரேனர்ஸ் லேன் நிலையத்தில் ஒரு மின்சார சைக்கிள் தீப்பிடித்த பிறகு வந்த தடை இது. மற்ற ரயில் கொம்பனிகளின் விதி ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, போகும் வாரமே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காரின் பின்னால் மாட்டும் தட்டு இருந்தால் அது எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

என்னைக் கேட்டால் கடை வாசலிலிருந்தே ஓடிப் போவதுதான் நல்லது. கிங்ஸ்டன், சேர்பிட்டன், கிளேகேட், ஒக்ஸ்ஷொட், லெதர்ஹெட் என்று போனால் முதல் இருபது கிலோமீற்றரும் பெரும்பாலும் தட்டை. நகரத்துத் தெரு, சிக்னல் விளக்கு, பள்ளம் எல்லாம் அதில் வந்துவிடும். லெதர்ஹெட்டுக்குப் பிறகு ஏ24 பெருந்தெருவின் ஓரமாகத் தனிச் சைக்கிள் பாதை இருக்கிறது. மிக்கிள்ஹாம் ஊருக்குள் பழைய லண்டன் தெருவால் போனால் மலையின் அடிவாரம்.

காலை எட்டு மணிக்கு முன் கிளம்புங்கள். இடியப்பமோ பாணோ வயிறாறச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு வாழைப்பழமும் இரண்டு போத்தல் தண்ணியும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டர் இருந்தாலும் நாள் முழுவதும் உழக்கப் போவது உங்கள் கால்தான். மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டை இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் இந்தச் சாட்டில் ஒன்று வாங்கிவிடுங்கள். 75 கி.மீ. மற்றக் காற்சட்டையில் ஓட முடியாது.

முதல் கால் மணி நேரம்

தெருவுக்கு ஏறும் முன் ஒரு வெறும் கார் தரிப்பிடத்தில் பழகுங்கள். ஊரில் நிமிர்ந்து இருந்து ஓடிய நமக்கு வளைந்த ஹாண்டில் முதலில் பயம் தரும். வளைவின் கீழே பிடிக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. பிரேக் பிடியின் மேல் இருக்கும் றப்பர் மேட்டில் கையை வைத்தபடியே முழு நாளும் ஓடலாம். முழங்கை இறுகாமல் கொஞ்சம் மடிந்திருக்கட்டும்.

டிஸ்க் பிரேக்குக்கு இரண்டு விரல் போதும். பழைய கம்பி பிரேக்கை இழுத்துப் பழகியவர்கள் அதே பலத்தில் இழுத்தால் சக்கரம் இறுகிவிடும். இங்கே வலக்கை முன் பிரேக், இடக்கை பின் பிரேக். ஐரோப்பாவில் வாடகைக்கு எடுத்தால் அநேகமாக மாறியிருக்கும்.

அடுத்தது கியர். யாழ்ப்பாணக் குடாநாடு கையளவு மேடும் இல்லாத தட்டை நிலம். அங்கே கியர் இல்லாத சைக்கிளில் வளர்ந்த நமக்குக் கியரை எப்போது மாற்றுவது என்ற பழக்கமே இல்லை. மோட்டர் வண்டியில் அது இன்னும் முக்கியம். ஏற்றம் தொடங்கும் முன்னரே இலகுவான கியருக்கு மாறுங்கள். மாற்றும் நேரம் பெடலை மெதுவாக அழுத்துங்கள். பெடலடியில் மோட்டர் உள்ள வண்டியென்றால் உங்கள் பலத்தோடு மோட்டரின் பலமும் செயினில் ஏறும். அழுத்தியபடி கியரை மாற்றினால் சட்டென்று ஒரு சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் செயினுக்கு நல்லதல்ல. கால் ஒரு நிமிடத்துக்கு 75, 80 தடவை சுற்றும் அளவில் வைத்துக்கொண்டால் மோட்டரும் சுகமாக ஓடும், முழங்காலும் நோகாது.

தட்டைத் தெருவில் பார்க்க வேண்டியது

ஒக்ஸ்ஷொட் பக்கம் தெரு நீளமாகக் கிடக்கும். அங்கே 23-லிருந்து 28 கி.மீ. வரை மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். 25-இல் உதவி நிற்கும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். நல்ல வண்டியில் அது மெல்லக் கரைந்து போகும், எப்போது நின்றது என்றே தெரியாது. மற்ற வண்டிகளில் யாரோ பின்னால் சட்டையைப் பிடித்து இழுத்தது போல் இருக்கும். 24-க்கும் 26-க்கும் இடையில் மாறி மாறி ஓடிப் பாருங்கள். வந்து வந்து போகும் அந்த உதவி எரிச்சல் தருகிறதா? தருகிறது என்றால் இன்று மட்டும் அல்ல, ஒவ்வொரு சனிக்கிழமையும் தரும்.

பிறகு மோட்டரை முற்றாக நிறுத்திவிட்டு ஐந்து கி.மீ. ஓடுங்கள். இந்தக் கட்டத்தை யாரும் தவறவிட வேண்டாம். நல்ல மோட்டர் நின்றிருக்கும்போது சக்கரத்தையோ பெடலையோ பிடித்து இழுக்காது, கொஞ்சம் பாரமான சாதாரண சைக்கிள்போல ஓடும். உழக்கும்போது பிசின் ஒட்டியது போல் இழுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

எதிர்க்காற்று கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஆனையிறவில் காற்றை எதிர்த்து உழக்கிய ஆட்களுக்கு அது தெரியும், ஏற்றம் இல்லாமலே ஏற்றம் மாதிரி. அப்படிப்பட்ட காற்றில் வேகம் 25-க்குக் கீழே இறங்கும், மோட்டரும் உடனே வேலைக்கு வந்துவிடும். தட்டைத் தெருவில் இந்த வண்டியின் அருமை தெரிவது காற்றடிக்கும் நாளில்தான்.

பொக்ஸ் ஹில்: ஒரே ஏற்றம், மூன்று தடவை

சிக்சாக் ரோட் என்பது இந்த ஏற்றத்தின் பெயர். ஏறக்குறைய 2.5 கி.மீ. நீளம், சராசரி 5 வீதச் சரிவு (100 மீற்றர் போனால் 5 மீற்றர் உயரும்), மொத்தம் 120 மீற்றர் உயரம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் தெருப் போட்டி இந்த மலையை ஒன்பது தடவை சுற்றியது, பெண்கள் இரண்டு தடவை. உலகின் சிறந்த ஓட்டக்காரர்கள் மூச்சு வாங்கிய தெருவில் நாமும் ஓடலாம் என்பதே எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோசம். சரிவு ஒரே சீராக இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல தெரு கிடையாது.

அடிவாரத்தில் ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, அங்கிருந்து உச்சிவரை மூன்று தடவை ஏறுங்கள். முதலில் மோட்டரை நிறுத்தி. பிறகு நடு நிலையில். கடைசியாக முழு உதவியில். மூன்று தடவையும் உங்கள் மூச்சு ஒரே அளவில் இருக்க வேண்டும், பக்கத்தில் வருபவரோடு சின்னச் சின்ன வசனம் பேசக்கூடிய அளவு. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு நிறுத்தியபோது 14 நிமிடம், நடுவில் பத்தரை, முழு உதவியில் 8 பிடித்தது. ஆறு நிமிட வித்தியாசத்தை ஒரு தாளில் பார்த்தால் சின்ன எண்தான். தெருவில் அது வேறு. முதல் தடவை இரண்டாவது முடக்கு தாண்டியபோது நான் ரயரையே பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாவது தடவை அதே இடத்தில் தலை நிமிர்ந்து, இடப்பக்கம் திறந்து கிடந்த புல்வெளியையும் கீழே தெரிந்த பள்ளத்தாக்கையும் பார்த்துக்கொண்டு போனேன். பின்சக்கரத்திலிருந்து, பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவது போல ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சத்தத்தையும் கவனியுங்கள். கடை வாசலில் கார் இரைச்சலில் அது கேட்காது. அமைதியான மலைத் தெருவில் கேட்கும். எனக்குப் பிரச்சினை இல்லை, என் மச்சானுக்கு அது பிடிக்கவே இல்லை.

உச்சியில், இயற்கை இடங்களைப் பராமரிக்கும் நஷனல் ட்ரஸ்ட் அமைப்பின் தேநீர்க் கடை இருக்கிறது. ஏதாவது சாப்பிட்டுக்கொண்டு பற்றரிக் கணக்கைப் போடுங்கள். விளம்பரத்தில் வரும் "இத்தனை கி.மீ. ஓடும்" என்ற எண்ணை நம்பித் திட்டம் போட வேண்டாம். அது தட்டைத் தெருவில், குறைந்த உதவியில் வரும் எண். உயரத்தை வைத்துக் கணக்குப் பாருங்கள். நீங்களும் வண்டியும் பையும் சேர்ந்து 94 கிலோ என்றால், 120 மீற்றர் ஏற ஏறக்குறைய 31 வாற்-மணி (பற்றரியின் சக்தியை அளக்கும் அலகு) சக்தி வேண்டும். அதில் பாதியை மோட்டர் தந்தால் 15, வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் பற்றரியிலிருந்து 20 போகும். பின்சக்கர மோட்டர் வண்டிகளில் பற்றரி அநேகமாக 250 வாற்-மணி அளவில் இருக்கும். அதாவது இப்படி ஒரு டசின் ஏற்றம், அவ்வளவுதான். முழு உதவியில் ஓடினால் அதற்கும் குறைவு. உங்கள் திரை காட்டும் வீதம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

செங்குத்தான தெரு ஒன்றும் வேண்டும்

பொக்ஸ் ஹில் மட்டும் ஏறிவிட்டுத் திரும்பாதீர்கள். அது நல்ல மனசுள்ள மலை. டோர்க்கிங், வெஸ்ட்கொட் பக்கமாகப் போய் வைட் டவுன் லேன் என்ற ஒடுங்கிய தெருவால் ஏறுங்கள். 18 வீதச் சரிவு வரை போகும், நீளம் குறைவு. இரண்டு வகை மோட்டருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளியே வரும். பெடலடி மோட்டர் உங்கள் கியரைப் பயன்படுத்துகிறது, மெதுவாக ஏறினாலும் அது தன் சுகமான வேகத்தில் சுற்றும். பின்சக்கர மோட்டருக்கு அந்த வசதி இல்லை. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும், பலம் குறையும், சூடும் ஏறும். "இன்னும் கொஞ்சம் உதவி வராதா" என்று மனம் கேட்கும் இடம் இது. பின்சக்கர வகை இலேசானது, பார்வைக்கும் சாதாரண சைக்கிள்தான். நீங்கள் வழக்கமாக ஓடப்போகும் தெருக்கள் எப்படிப்பட்டவை என்று யோசித்துத் தெரிவு செய்யுங்கள். இறங்கித் தள்ள நேர்ந்தால் தள்ளுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 14 கிலோவைச் சப்பாத்தோடு அந்தச் சரிவில் தள்ளுவதும் சோதனையின் ஒரு பகுதிதான்.

இறக்கத்தில் நிதானம். வண்டி பாரம் கூட, அதனால் நிற்கவும் கூடத் தூரம் எடுக்கும். முடக்குக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், முடக்குக்குள் போன பிறகு பிரேக்கைத் தொட வேண்டாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் தேய்த்துக்கொண்டே போகாமல், நன்றாகப் பிடித்து விடுவதும் திரும்பப் பிடிப்பதுமாக இறங்குங்கள். மரநிழல் தெருக்களில் ஈர இலையும் கல் சில்லும் கிடக்கும், ஒரு குதிரை வரவும் வாய்ப்பு உண்டு. குதிரையைக் கண்டால் தூரத்திலேயே குரல் கொடுத்து, மெதுவாக, நல்ல இடைவெளி விட்டுக் கடந்து போங்கள்.

களைத்த பிறகு

ரன்மோர் மேட்டால் மறுபடி மிக்கிள்ஹாம் பக்கம் இறங்கி, வந்த வழியே திரும்புங்கள். இப்போது பற்றரியில் நாலில் ஒரு பங்குதான் இருக்கும். கால் களைத்திருக்கும், கழுத்து இறுகியிருக்கும். இந்தக் கடைசி இருபது கிலோமீற்றருக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

கை விறைக்கிறதா? இடுப்பு நோகிறதா? அப்படியென்றால் ஹாண்டில் தூரமாகவோ தாழ்வாகவோ இருக்கிறது. பெரும்பாலும் சின்ன மாற்றங்களால் சரிசெய்யலாம், கடைக்காரரிடம் சொல்லக் குறித்து வையுங்கள். முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சீற் தாழ்வாக இருந்திருக்கலாம். பற்றரி குறைந்ததும் மோட்டரின் பலத்தையும் சேர்த்துக் குறைக்கும் வண்டிகள் இருக்கின்றன. உங்களுடையது அப்படிச் செய்கிறதா, செய்தால் எத்தனை வீதத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். கடைசி ஐந்து கிலோமீற்றரை மோட்டரே இல்லாமல் ஓடி முடியுங்கள். ஒருநாள் ஏதாவது ஒரு காட்டுத் தெருவில் பற்றரி தீரத்தான் போகிறது. அன்று என்ன ஆகும் என்பதை இன்றைக்கே அறிந்துகொள்ளலாம்.

ஒப்படைக்கும்போது

களைப்பிலும் சந்தோசத்திலும் இருக்கும்போதுதான் "எடுக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வரும் முன் நாலு விசயம் கேளுங்கள். பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம்? புதுப் பற்றரி என்ன விலை? பழுதானால் இங்கேயே திருத்துவார்களா, வெளியே அனுப்ப வேண்டுமா? அனுப்பினால் எத்தனை வாரம்? வேலை செய்யும் இடத்தில் சைக்கிள் ரு வேர்க் திட்டம் இருந்தால் அதன் மூலம் வரிக்கு முந்திய சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழித்து வாங்கலாம். ஆயிரம் பவுண்டுதான் உச்சம் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள், 2019-இலிருந்து அந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் நிறுவனம் தனியாக ஒரு உச்சம் வைத்திருக்கலாம், சம்பளப் பகுதியில் விசாரியுங்கள்.

மின்சார ரோட் பைக் பலவற்றில் பற்றரியைக் கழற்றி எடுக்க முடியாது. வண்டியையே மின்செருகிக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். மூன்றாம் மாடி பிளாற்றில் லிஃப்ற் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் 14 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். வாசற்பாதையில் வைத்து ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள், தீப்பிடித்தால் வீட்டார் வெளியேற இருக்கும் ஒரே வழி அதுதான். நித்திரை நேரத்திலும் ஏற்ற வேண்டாம், வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருக வேண்டாம். கடையிலிருந்து திரும்பிய அன்றே அளவு நாடாவை எடுத்து, வண்டி நிற்கப்போகும் இடத்துக்கும் மின்செருகிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். ரோட் பைக்கின் நீளம் ஏறக்குறைய 1.7 மீற்றர். அந்த இடத்தில் அது நின்றால் கதவு முழுதாகத் திறக்க வேண்டும்.